மின்கட்டணக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போய்ப் பேசினால் பயன் உண்டா?

மாவுமில் செல்வி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மேற்கு மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் மாவு மில்லும் அதை ஒட்டிச் சின்னதாக ஒரு எண்ணெய்ச் செக்கும் நடத்துகிறேன். வீட்டுக்காரர் தவறிய பிறகு ஒன்பது வருடமாக முழுப் பொறுப்பும் என்னுடையது. ராகி, கம்பு, மிளகாய், மல்லி என்று அரைக்க வருகிறவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போய்த் திரும்பி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் வருவார்கள். அந்த நேரம் பார்த்து வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. கல் சுற்றும் சத்தம் மாறுவதை வைத்தே எனக்குத் தெரிந்துவிடும். பத்து எச்.பி. மோட்டார் திணற ஆரம்பித்தால் உடனே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் காயில் புகைந்துவிடும். இரண்டு வருடத்தில் மூன்று முறை காயில் கட்டியாகிவிட்டது.

இது ஒரு பக்கம். 2025 ஜூலையில் எங்களுக்குக் கட்டணம் 3.16 சதவீதம் ஏறியது. மகளிர் குழுவில் பேச்சு வந்தபோது, கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, “மக்களைக் கேட்காமல் கரண்ட் கட்டணத்தை ஏற்ற முடியாது அக்கா, சட்டத்திலேயே இருக்கிறது, கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும்” என்றாள். எங்களை யாரும் கேட்டதாக நினைவே இல்லை. அடுத்த தடவை கூட்டம் நடந்தால் நீங்களே போய் எங்களுக்கும் சேர்த்துப் பேசிவிட்டு வாருங்கள் என்று எல்லோருமாக என்னைச் சொல்லிவிட்டார்கள்.

போய் வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அங்கே பேசுவதால் ஏதாவது மாறுமா? இல்லை, எல்லாம் முடிவான பிறகு உட்கார்ந்து கேட்கிறார்களா? ஒரு நாள் மில்லை மூடினால் வருமானம் போகும், அதுகூடப் பரவாயில்லை. என்னை நம்பி அனுப்புகிறவர்களுக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், எழுத வராது.

நொய்யல்கரை இளைஞன் எழுதியது:

அக்கா, நேராகவே சொல்கிறேன், போக வேண்டாம். 2022-ல் நடந்ததன் தேதிகளைப் பாருங்கள். ஜூலை 18 அன்று மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் மின்வாரியம் கொடுத்த கட்டண உயர்வு மனு. அதன் மேல் ஆணையம் வைத்த கூட்டங்கள்: ஆகஸ்ட் 16 கோவை, 18 மதுரை, 22 சென்னை. மொத்தத் தமிழ்நாட்டுக்கும் மூன்றே கூட்டம். செப்டம்பர் 9 அன்று ஆணை, மறுநாளே அமல். கடைசிக் கூட்டத்துக்கும் ஆணைக்கும் நடுவில் 18 நாள். அத்தனை பேர் எழுதியதையும் சொன்னதையும் படிக்க 18 நாள் போதுமா? அப்போது ஆணையத்தில் சட்டத்துறை உறுப்பினர் இடம் வேறு காலியாக இருந்தது. அப்படி ஒருவர் கட்டாயம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. அதற்கும் நூற்பாலைக்காரர்கள் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

மின்தேவை அதிகமுள்ள நேரத்தில் ஓட்டினால் கூடுதலாக வாங்கும் உச்சநேரக் கட்டணம் சிறுதொழிலுக்கு 25 சதவீதம் என்று வந்ததே, அது 15 ஆனது எப்படி? தொழில் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து குரல் கொடுத்த பிறகு, நவம்பரில் அரசு குறைத்தது. கூட்டத்தில் மைக் பிடித்ததால் இல்லை.

எங்கள் தாத்தா பம்ப்செட் கட்டண உயர்வை எதிர்த்து ரோட்டில் நின்றவர். 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். பைசாக் கணக்கில் ஏறிய கட்டணத்துக்காக. இருபது வருடம் கழித்து எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது அந்த ரத்தத்தால்தான், மனு கொடுத்ததால் இல்லை. மன்னியுங்கள் அக்கா, உங்கள் ஒரு நாள் பிழைப்பு கெட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

பல்லடத்துத் தறிக்காரர் எழுதியது:

அம்மணி, போய் வாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். நான் இரண்டு தடவை போனவன். முதல் தடவை வீணாகப் போனது, இரண்டாவது அப்படிப் போகவில்லை. இரண்டையும் சொல்லிவிடுகிறேன், நீங்களே எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

முதல் தடவை 2012 கட்டண உயர்வுக்கு முன்னால். மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம். எட்டுத் தறி வைத்திருந்தேன், ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம்தான் அதிகம். மைக் கைக்கு வந்ததும் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். பின் வரிசையில் கைதட்டினார்கள். வயிறு குளிர்ந்து வீட்டுக்கு வந்தேன். ஆணை வெளியானதும் என் பேச்சு எங்கே இருக்கிறது என்று தேடினேன். கலந்துகொண்டவர்கள் பட்டியலில் என் பெயர் இருந்தது. நான் சொன்னது எங்கேயும் இல்லை. ரொம்ப நாள் மனது ஆறவில்லை. அப்புறம்தான் யோசித்தேன்: நான் பேசியதில் ஒரு எண்கூட இல்லை, எழுத்தில் ஒரு தாள்கூடக் கொடுக்கவில்லை. ஆணையம் கிட்டத்தட்ட ஒரு நீதிமன்றம் மாதிரி. வாரியத்தின் பக்கம் நூற்றுக்கணக்கான பக்கத்துக்கு மனு இருக்கிறது. நம் பக்கம் வெறும் கோபம் இருந்தால், ஆணையில் எதை எழுதுவார்கள்?

கட்டணம் போடுகிற விதம் ஒன்றும் மந்திரமில்லை. மின்சாரம் வாங்குகிற செலவு, சம்பளம், கடன் வட்டி, தேய்மானம் எல்லாவற்றையும் கூட்டுவார்கள். இப்போதைய கட்டணத்தில் எவ்வளவு வரும் என்று பார்ப்பார்கள். துண்டு விழுவதுதான் கட்டண உயர்வு. உங்கள் மில்லில் ஒருவர் வந்து “கூலி அதிகம்” என்றால், கல் கொத்துகிற செலவு, கரண்ட், ஆள்கூலி என்று சொல்லி அனுப்பிவிடுவீர்கள். “இரண்டு ஆள் கூலி சொல்கிறீர்களே, நிற்பது ஒரு ஆள்தானே” என்று கேட்டால்தான் நின்று பதில் சொல்வீர்கள். ஆணையத்திலும் அப்படித்தான். கட்டணம் தாங்க முடியவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். செலவுக் கணக்கில் கை வைக்கிறவர்கள் கொஞ்சம் பேர்.

அதற்கு மகாராஷ்டிராவைப் பாருங்கள். அங்கே மின்வாரியம் வருடக்கணக்காக மின் இழப்பை 20 சதவீதத்துக்குள் காட்டி வந்தது. கம்பியில் போவது, திருட்டில் போவது எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. மீட்டர் இல்லாத பம்ப்செட்டுகள் தலையில் மீதியை எழுதிவிடுவார்கள். அளந்து பார்க்க வழி இல்லை. புனேயில் ‘பிரயாஸ்’ என்ற அமைப்பு அந்தக் கணக்கை வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்டது. 2000-ல் ஆணையத்தின் முன்னால் விசாரணை வந்தபோது உண்மையான இழப்பு 30 சதவீதத்துக்கு மேல் என்று வெளியே வந்துவிட்டது. அதற்கு முன்பே அமெரிக்க நிறுவனமான என்ரானின் தாபோல் மின்நிலைய ஒப்பந்தத்தை எடுத்துவைத்து, இது மாநிலத்தை மூழ்கடிக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்களும் அவர்கள்தான். 2001-ல் அந்த மின்சாரத்தை வாங்குவதையே வாரியம் நிறுத்த வேண்டி வந்தது. தெருவில் நின்ற கூட்டமும் அங்கே இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பக்கத்தில் எந்த வரி தப்பு என்று சொல்ல ஆள் இருந்தது.

நம் ஊரிலும் இருபது லட்சத்துக்கு மேல் விவசாய இணைப்பு, பெரும்பாலும் மீட்டர் இல்லை. அங்கே போகிற மின்சாரம் எவ்வளவு என்பது மதிப்பீடுதான். அந்த மதிப்பீடு தப்பினால் இழப்புக் கணக்கும் தப்பும், அதன் சுமை உங்கள் மில் வரைக்கும் வரும்.

இரண்டாவது தடவை, 2022 ஆகஸ்ட் 16, கோவை. அதற்கு ஒன்றரை மாதம் முன்னாலிருந்தே ஒரு பள்ளிக்கூட நோட்டில் தினமும் காலை ஏழு, சாயங்காலம் ஏழு, ராத்திரி பத்து என்று வோல்டேஜ் எழுதி வந்தேன். 415 இருக்க வேண்டிய இடத்தில் 340, 335 என்று இருக்கும். தறி நின்ற நேரத்தையும் அதே வரியில் எழுதினேன். மனுவின் சுருக்கம் தமிழில் பத்திரிகையில் வந்தது. ஆங்கில அட்டவணைகளை மகள் உட்கார்ந்து படித்துச் சொன்னாள். தமிழிலேயே இரண்டு பக்கம் ஆட்சேபம் எழுதி, நோட்டின் நகலை இணைத்து, ஒரு நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். பேசியது மூன்று நிமிடம்தான். இரண்டே கேள்வி. விவசாயப் பயன்பாட்டை எதை வைத்து மதிப்பிட்டீர்கள்? எங்கள் பக்கம் வோல்டேஜ் இப்படி இருக்கும்போது, தறி ஓடினாலும் நின்றாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணத்தை மட்டும் முழுசாக வாங்குவது எந்த நியாயம்?

கட்டணம் குறைந்ததா என்று கேட்டால், இல்லை, ஏறியது. பொய் சொல்லக் கூடாது. ஆனால் கூட்டம் முடிந்து கீழே இறங்கும்போது ஒரு அதிகாரி அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கமாக போனில் படம் எடுத்துக்கொண்டார். ஆறு மாதத்தில் எங்கள் தெருவுக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. கூட்டத்தால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அதே நோட்டை வைத்து மின்வாரியத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றத்திலும் மனு போட்டிருந்தேன். நோட்டு இல்லாமல் வந்திருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

நொய்யல்கரைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கள் தாத்தாவுக்கு என் வணக்கம். பெருமாநல்லூர் நினைவுத்தூணைத் தாண்டும்போதெல்லாம் வண்டியை நிறுத்துகிறவன் நான். ஒன்றை மட்டும் யோசியுங்கள் தம்பி. 1970-ல் அவர்கள் போய்க் கேள்வி கேட்க ஒரு இடமே இல்லை. கட்டணத்தை அரசும் வாரியமும் முடிவு செய்யும், பிடிக்கவில்லையென்றால் ரோடுதான். நம் ஆணையம் வந்தது 1999-ல். ஆணையம், அரசு, வாரியம் மூன்றும் என்ன செய்தாக வேண்டும் என்று 2003 மின்சாரச் சட்டம் சொல்கிறது. மனுவை வெளியிட வேண்டும், ஆட்சேபங்களைப் பரிசீலித்துவிட்டுத்தான் 120 நாளுக்குள் ஆணை போட வேண்டும், இலவசம் கொடுக்கும் அரசு அந்தப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும், இவ்வளவும் அதில் இருக்கிறது. உச்சநேரக் கட்டணம் சிறுதொழிலுக்கும் வருகிறது என்று மனுவைப் படித்தவர்கள் முன்னாலேயே சொன்னதால்தான் தொழில் அமைப்புகளால் அவ்வளவு சீக்கிரம் ஒன்றுசேர முடிந்தது. இரண்டும் வேண்டும்.

நீங்கள் சொன்ன 18 நாள் எனக்கும் உறுத்துகிறது. அதைவிட உறுத்துவது வேறு ஒன்று. நூற்பாலைகள் வக்கீலோடு வருகின்றன, வீட்டு இணைப்புக்காரர்களுக்கு யார் வருகிறார்கள்? நுகர்வோர் சார்பாக வாதாட ஒருவரை ஆணையமே நியமிக்கலாம் என்று சட்டத்தின் 94-ம் பிரிவு சொல்கிறது. மகாராஷ்டிராவில் அப்படி நுகர்வோர் அமைப்புகளை அங்கீகரித்திருக்கிறார்கள். இங்கேயும் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் மகளிர் குழுவே எழுதலாம் அம்மணி.

2025-ல் ஏன் உங்களை யாரும் கேட்கவில்லை என்றால், 2022 ஆணை 2026-27 வரைக்குமானது. ஒவ்வொரு ஜூலையும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி, 6 சதவீதத்துக்கு மேல் போகாமல் ஏற்றிக்கொள்ளலாம் என்று அதிலேயே இருக்கிறது. நீங்கள் சொல்லும் 3.16 அப்படி வந்தது. ஒரு தடவை கூட்டத்தைத் தவறவிட்டால் ஐந்து வருடத்துக்குத் தவறவிட்ட மாதிரி. 2027 ஏப்ரலிலிருந்து புதிய காலம் தொடங்க வேண்டும், அதற்கு முன்னால் மனு வரும். நோட்டை இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஃபோர்மேன் எழுதியது:

31 வருடம் கம்பத்தில் ஏறியவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன். அம்மா, உங்களுடையது இரண்டு தனித்தனி விஷயம். கட்டணம் ஆணையத்தின் வேலை. லோ வோல்டேஜுக்கு 2027 வரை காத்திருக்க வேண்டாம்.

புகார் கொடுத்தால் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரை, அதாவது ஏ.இ.யைப் பார்த்து, உங்கள் லைனுக்கு எத்தனை கே.வி.ஏ. திறன் உள்ள டிரான்ஸ்ஃபார்மர், சாயங்காலம் ஏழு மணிக்கு லோடு பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பகலில் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். தீரவில்லையென்றால் மின் பகிர்மான வட்டத்தில் இருக்கும் நுகர்வோர் குறைதீர் மன்றம். அதற்குத் தலைவரே மேற்பார்வைப் பொறியாளர்தான், அவர் துறை மேல் அவரிடமே புகாரா என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். எனக்கும் அந்த ஏற்பாடு சரியாகப் படவில்லை. ஆனாலும் அந்தப் படியைத் தாண்டினால்தான் மின்குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு போக முடியும். வக்கீல் தேவையில்லை, நீங்களே எழுதலாம்.

பம்ப்செட் பற்றித் தறிக்காரர் ஐயா சொன்னது உண்மை. ஆனால் மீட்டர் என்றாலே இலவசம் போய்விடும் என்று விவசாயிகள் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. கிணற்றுக்குக் கிணறு மாட்ட வேண்டியதில்லை. கிணறுகளுக்கு மின்சாரம் கொடுக்கிற டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டி, அதன் கீழ் எத்தனை கிணறு என்று பார்த்தாலே கணக்கு வந்துவிடும். கூட்டத்தில் இதைக் கேளுங்கள். கூடவே ஆள் பற்றாக்குறையையும் கேளுங்கள். ஒரு வயர்மேன் பல ஊர்களுக்கு ஓடுகிறான், மழை நாளில் அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிறான். காலிப் பணியிடம் நுகர்வோர் விஷயமும்தான்.

வலிகாமம் வாசி எழுதியது:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் அனுபவத்தையும் கேளுங்கள் அக்கா. 2022 ஓகஸ்டில் ஒரு தரம், 2023 பெப்ரவரியில் இன்னொரு தரம் கட்டணம் ஏறி, பட்டியலைப் பார்த்துச் சனம் மலைத்துப் போன காலம் அது. கூட்டம் வைத்துத்தான் ஏற்றினார்கள். அதனால் எனக்கும் இந்தத் தம்பியைப் போலத்தான் நம்பிக்கை இருக்கவில்லை.

பிறகு 2024 கடைசியில், அடுத்த ஆறு மாதத்துக்குக் கட்டணத்தை மாற்றத் தேவையில்லை என்று மின்சார சபை சொன்னது. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு ஒன்பது மாகாணங்களிலும் கருத்துக் கேட்டது. மழை பெய்து நீர் மின்சாரம் கூடியிருக்கிறது, செலவு குறைந்திருக்கிறது, எங்கே அந்த மிச்சம் என்று சனம் கேட்டது. 2025 ஜனவரியில் சராசரி 20 சதவீதம் குறைந்தது. ஜூனில் திரும்ப 15 சதவீதம் ஏறியது, அதையும் மறைக்கக் கூடாது. ஒக்டோபரில் சபை 6.8 சதவீதம் கேட்டபோது ஆணைக்குழு மறுத்துவிட்டது.

நான் கண்டது ஒன்று. எங்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். ஆனால் செலவுக் கணக்கு விளங்கின ஆள் பக்கத்தில் இருந்தால்தான் அந்த உரிமைக்குப் பெறுமதி. உங்கள் ஊர்க் கல்லூரிப் பிள்ளையை விட்டுவிடாதீர்கள், கூட்டிக்கொண்டு போங்கள்.

மாவுமில் செல்வி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நொய்யல்கரைத் தம்பி, உன் மேல் எனக்கு வருத்தமில்லை. என் பிழைப்பை நினைத்துச் சொல்கிறாய் என்று தெரியும். ஆனால் போகத்தான் போகிறேன்.

அந்தப் பெண்ணிடம் சொல்லியாகிவிட்டது. 2022 மனுவில் இருக்கும் அட்டவணைகளை ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டத்தில் தமிழில் சொல்கிறேன் என்றிருக்கிறாள். நோட்டும் வாங்கிவிட்டேன். மில்லில் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்திலேயே வோல்ட்மீட்டர் இருக்கிறது, இத்தனை வருடம் அதைத் துடைத்ததோடு சரி. நேற்று சாயங்காலம் 7.10-க்கு, மும்முனை மின்சாரத்தின் ஆர், ஒய், பி முனைகளில் இரண்டிரண்டுக்கு நடுவில் பார்த்து எழுதியது: ஆர்-ஒய் 338, ஒய்-பி 334, பி-ஆர் 371. ராத்திரி பத்து மணிக்கு மூன்றும் 400-ஐத் தாண்டிவிட்டது. ஃபோர்மேன் ஐயா, மூன்றும் ஏன் ஒரே மாதிரி இல்லை? மீட்டர் பழசாகிவிட்டதா?

ஓய்வுபெற்ற ஃபோர்மேன் எழுதியது:

மீட்டர் மேல் சந்தேகம் வேண்டாம் அம்மா. ஒய் முனை சேருகிற இரண்டு அளவும்தான் குறைந்திருக்கிறது, பார்த்தீர்களா? வீட்டு இணைப்புகள் ஒய் முனையில் அதிகமாக ஏறியிருக்கும். பாதி வீடுகளை மற்ற முனைகளுக்கு மாற்றினாலே வித்தியாசம் தெரியும், புது டிரான்ஸ்ஃபார்மர் வரை போக வேண்டியிருக்காது. ஒரு வாரம் இதே நேரத்தில் எழுதுங்கள், அந்தப் பக்கங்களை ஏ.இ.யிடம் கொண்டுபோய்க் காட்டி, “ஒய் முனை லோடைப் பிரித்துக் கொடுங்கள்” என்று இதே வார்த்தையில் கேளுங்கள். என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.